நீலச் சிலேட்டு, சிவப்புச் சிலேட்டு

திராட்சை விளைந்த மண்ணின் குணம் ஒயினில் தெரியுமா என்று யாராவது கேட்டால், இரண்டு பாட்டில்களை மேசையில் வைத்துவிட்டுத்தான் நான் பேச்சை ஆரம்பிப்பேன். இரண்டுமே ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை ஊரான பெர்ன்காஸ்டலில் இருக்கும் டாக்டர் லோசன் குடும்பத் தயாரிப்பு. இரண்டும் ரீஸ்லிங் திராட்சை, ஒரே வருட அறுவடை, இரண்டும் கபினெட் எனப்படும் இலேசான வகை. லேபிளில் தோட்டத்தின் பெயர்தான் வேறு. ஒன்று வேலனர் சோனன்ஊர், இன்னொன்று உர்ட்சிகர் வுர்ட்ஸ்கார்டன். இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

முதலாவது மெலிந்த ஒயின். வெள்ளைப் பீச் பழம், எலுமிச்சை வாசம். புளிப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் உறுத்தாது. இரண்டாவது அஞ்சறைப்பெட்டியைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறும். பழவாசமும் அன்னாசி, மாம்பழம் பக்கம் போகும். ஒரே குடும்பம் பிழிந்து, ஒரே நிலவறையில் வைத்த சாறு இப்படிப் பிரிந்து நிற்பதை முதன்முதலில் குடித்துப் பார்த்தபோது, அந்த மலைகளை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. நான் வேலை பார்ப்பது ட்ரியரில். அங்கிருந்து எட்டிப்போகும் தூரம்தான்.

சோனன்ஊரில் மண் என்று சொல்ல ஏதுமில்லை. காலடியில் முழுக்க நீலச் சாம்பல் நிறச் சில்லுகள். ஒன்றை எடுத்து விரலால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. ஒன்றாம் வகுப்பில் நாம் எழுதிய சிலேட்டு இந்த வகைக் கல்தான். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டானது. சரிவு பல இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல். டிராக்டர் ஏறாது. பெரும்பாலான வேலை கையால்தான். மழைக்குச் சறுக்கி இறங்கும் கல்லை மறுபடி மேலே சுமந்து கொண்டுபோய்ப் போட்டு வந்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. நடுச்சரிவில் ஒரு சூரியக் கடிகாரம். மணி பார்க்க வேலையாட்களுக்கு உதவும் என்று 1842-இல் யோடோகுஸ் ப்ரூம் கட்டியது. தோட்டத்துக்குப் பெயரும் அந்தக் கடிகாரத்தால் வந்ததுதான்.

உர்ட்சிக் பக்கம் போனால் நிறமே மாறிவிடுகிறது. செங்கல் சிவப்பு. இரும்புச் சத்து ஏறிய சிலேட்டோடு எரிமலைக் கல்லும் கலந்த நிலம். பாறை முண்டுகளுக்கு நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் கொடியை ஊன்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் சிவப்புக் கல்லின் ருசிதான் கிளாசுக்கு வந்துவிட்டதா? அப்படிச் சொல்வது கேட்க நன்றாக இருக்கும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாக்குக்குத் தெரிகிற அளவுக்குப் பாறை கரைந்து பழத்துக்குள் போவதில்லை. நிலம் வேலை செய்வது தண்ணீர் வழியாக, சூடு வழியாக, வேர் இறங்கும் ஆழம் வழியாக. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பந்தலில் கொடியைப் படரவிட்டு, தண்ணீர் பாய்ச்சி, வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்து வெட்டி இரண்டு மகசூல் எடுக்கலாம். மோசல் இருப்பதோ ஏறக்குறைய 50 டிகிரி வடக்கில். ஒரே ஒரு அறுவடை, அதையும் பழுக்க வைப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பு நட்டு, தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவாகப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். கறுத்த கல் பகலில் வெயிலை வாங்கி இரவில் விடுகிறது. மழைநீர் தேங்காமல் இறங்கிவிடுவதால், வேரும் பாறை இடுக்குகளில் அதைத் தேடிக்கொண்டே கீழே போகிறது.

ஏர்டன் ஊரைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். ஊர் ஒரு கரையில், தோட்டம் எதிர்க்கரையில். வெயில் விழும் பக்கம் மொத்தமும் கொடிக்கு. அங்கே ட்ரெப்ஷன் தோட்டத்தில் இரும்பேறிய சிவப்புச் சிலேட்டு, ஒயினும் வாயில் கனமாக நிற்பது. ஒட்டினாற்போல ப்ரேலாட் என்ற சின்னத் துண்டு நிலம். செங்குத்துப் பாறை பின்னால், ஆறு முன்னால். இரண்டு பக்கமும் சூடு சிக்கிக்கொள்வதால் பழம் நன்றாக முற்றிவிடும். கல் ஏறக்குறைய ஒன்றுதான், இருப்பிடம்தான் வேறு. மண்ணை மட்டும் பேசிவிட்டு மலையின் முகத்தை விட்டுவிடுபவர்களிடம் எனக்கு வருத்தம் இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை வேரோடு அழித்தது. அதன் பிறகு பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். சிலேட்டு நிலம் அந்தப் பூச்சிக்கு ஒத்துவரவில்லை. அதனால் சொந்த வேரில் நிற்கும் கிழட்டுக் கொடிகள் இங்கே இன்னும் இருக்கின்றன. எர்ன்ஸ்ட் லோசன் 1988-இல் குடும்பத் தோட்டங்களின் பொறுப்பேற்றபோது அவர் கையில் இருந்த பெரிய சொத்து இவைதான் என்பது என் கணிப்பு. காய்ப்புக் குறைவு, ஆனால் சாறு அடர்த்தி.

2019-இல் இந்தப் பள்ளத்தாக்கின் மேலே 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் திறந்தார்கள். ஆற்றிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரம். தோட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். பார்வைக்கு அசிங்கம் என்பது ஒரு காரணம். தோட்டங்களுக்கு மேலே இருக்கும் காட்டு மேட்டை வெட்டிச் சாலை போட்டால், அங்கிருந்து பாறைக்குள் ஊறி இறங்கும் தண்ணீர் தடம் மாறிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 2018, 2022 போன்ற வறண்ட கோடைகளில் மெல்லிய சிலேட்டில் நிற்கும் இளங்கொடிகள்தான் முதலில் தவிக்கும். மண் சற்று ஆழமாக இருக்கும் கிராஹர் ஹிம்மல்ரைஷ் போன்ற தோட்டங்கள் தாக்குப்பிடிக்கும். முன்பு பழுக்க வைப்பதே பெரிய பாடு, இனி தண்ணீர்தான் பெரிய பாடு. எந்தத் தோட்டம் உசத்தி என்ற பழைய வரிசைகூட இதனால் மாறக்கூடும்.

வாங்கிப் பார்ப்பவர்கள் ஒரே வருடத்துக் கபினெட்டாக இரண்டு தோட்டத்தினுடையதை எடுங்கள். ரொம்பக் குளிரவைத்தால் வாசம் அடங்கிவிடும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். சோனன்ஊரை முதலில் குடியுங்கள், வுர்ட்ஸ்கார்டனை அப்புறம்.