ஸ்டேட்டஸ் உண்டு, உதவிப்பணம் இல்லை

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது 2020 ஜனவரி 31இல். லண்டனில் எங்கள் ஆலோசனை மேசைக்கு அது தொடர்பாக வரும் கூட்டம் இன்னும் ஓயவில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, ஹொலன்ட் பாஸ்போட்டோடு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பை நினைத்து இங்கே வந்த எங்கட சனமும் அதில் உண்டு.

"தம்பி, எனக்குத்தான் ஸ்டேட்டஸ் தந்திட்டினமே, பிறகேன் காசு இல்லையெண்டு கடிதம் போட்டிருக்கினம்?" என்று ஓர் அக்கா ஃபோனை நீட்டினார். பார்த்தால் ப்ரீ-செட்டில்ட். ஏற்கெனவே இங்கே இருந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கான வதிவிட அனுமதி இரண்டு வகை: தற்காலிகமான ப்ரீ-செட்டில்ட், நிரந்தரமான செட்டில்ட். ஐந்து வருடம் தொடர்ந்து வாழ்ந்து செட்டில்ட் எடுத்தவரிடம் வதிவிட உரிமை பற்றி மேலே கேள்வி இல்லை. ப்ரீ-செட்டில்ட்காரர் இங்கே வாழலாம், வேலை செய்யலாம். யுனிவர்சல் கிரெடிட் என்கிற அரச உதவிப்பணம் வேண்டுமென்றால் தொழிலாளி, தொழிலாளியின் குடும்பத்தவர் என்பது போல ஒரு தகுதியைத் தனியாகக் காட்ட வேண்டும். 2021 டிசம்பரில் ஃப்ரதிலா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விதியைச் செல்லும் என்று விட்டுவிட்டது. வீட்டுக்குள் விட்டுவிட்டு அடுப்படியைப் பூட்டுகிற வேலை இது.

அதனால் நான் முதலில் விசாரிப்பது வேலையைத்தான். அக்கா வாரத்தில் மூன்று நாள் ஒரு கடையில் நின்றிருக்கிறார். "அது சும்மா அரைநேர வேலைதானே" என்று படிவத்தில் எழுதவில்லை. அவருடைய துருப்புச்சீட்டே அதுதான். பெயருக்குச் செய்யாத உண்மையான வேலையென்றால் பகுதிநேரமும் கணக்கில் வரும். நல்லகாலம், சம்பளச் சீட்டு இருந்தது. கையில் காசு வாங்குகிறவர்கள் பாடுதான் பெரும்பாடு. கடிதம் கேட்டால் முதலாளிமார் ஃபோனே எடுக்கமாட்டார்கள். மறுத்த முடிவை மீள்பரிசீலனை செய்யும்படி கேட்க ஒரு மாதம்தான் தவணை.

வேலையே இல்லாதவருக்கு 2023 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. உதவி மறுக்கப்பட்டால் அடிப்படைத் தேவைகூட நிறைவேறாது, கண்ணியமாக வாழ முடியாது என்ற நிலையென்றால் மறுக்கக்கூடாது. ஆனால் அந்த நிலையை வங்கிக் கணக்கு, வாடகை பாக்கி, உணவு வங்கிச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வேண்டும்.

2023 செப்டெம்பரிலிருந்து ப்ரீ-செட்டில்ட் காலாவதியாகும் முன் தானாகவே நீட்டிக்கப்படுகிறது. அதைப் பார்த்துப் பலர் எல்லாம் சரியென்று இருந்துவிடுகிறார்கள். உதவிப்பணத்துக்கு அந்த நீட்டிப்பால் ஒரு பலனும் இல்லை. அக்காவுக்கும் ஐந்து வருடம் கடந்திருந்தது. மீள்பரிசீலனைக் கடிதத்தை அனுப்பிய கையோடு செட்டில்ட்டுக்கும் விண்ணப்பித்தோம். அதற்குக் கட்டணம் கிடையாது.