டிரேம் லைட்டு

ஜூன் 8
புது கம்ப்யூட்டர்ல பவர் அழுத்துனா ஃபேன் எல்லாம் சுத்துது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு. மதர்போர்டு ஓரத்துல நாலு குட்டி லைட்டு இருக்கு, சிபியூ, டிரேம், விஜிஏ, பூட். அதுல ரேமுக்கு உள்ள டிரேம் லைட்டு மஞ்சளா நிக்குது, அணையவே இல்ல.

ஜூன் 9
சித்தி மவன் போன்ல சொல்லுதான், "அண்ணே, டிடிஆர்5 ரேம்னா முதல் தடவ அப்படித்தான், அணைக்காம பேசாம விடுங்க"ன்னு. டைமிங், வோல்டேஜ் எல்லாம் மாத்தி மாத்தி போட்டு எந்த அளவுல ரேம் ஒழுங்கா நிக்குதுன்னு போர்டு பாக்குமாம், மெமரி ட்ரெய்னிங்னு பேரு, அது முடியுற வரை ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது, சில போர்டுல அஞ்சு பத்து நிமிசம் கூட ஆகும், நடுவுல ஆஃப் ஆச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து. சரின்னு உக்காந்தா கரண்ட் போச்சு. வந்துச்சு, போட்டேன், திரும்ப போச்சு. இடவப்பாதி மழையில தக்கலையில கரண்டை நம்பி எதத்தான் தொடங்க முடியும்.

அப்பா கட்டில்ல கிடந்துட்டே கேக்காவ, "வந்தாச்சா மக்களே?"

ஜூன் 10
திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில இருந்து போன் வரல.

ஜூன் 11
பக்கத்து வீட்டு யூபிஎஸ்ஸ கேட்டு வாங்கிட்டு வந்து அரை மணிக்கூர் அப்படியே விட்டேன். அதே மஞ்ச. அப்போ ட்ரெய்னிங் இல்ல. போர்டோட செட்டிங்க பிடிச்சு வச்சிருக்க சிமாஸ் பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் வெளிய வச்சு மாட்டுனேன், அதுக்கும் அசையல. கோவத்துல எல்லாத்தையும் மூடி வைக்கலாம்னு இருந்தேன், அப்பாதான் சொன்னாவ, லைன்ல ஃபால்ட்டுன்னா ஒவ்வொண்ணா கழட்டி விட்டு பாக்கணும், எது இல்லாதப்ப ஓடுதோ அதுதான் ஃபால்ட்டுன்னு. முப்பது வருசம் வயர்மேனா இருந்தவங்க. ரெண்டு ரேமையும் கழட்டி சிபியூல இருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட்டுல ஒண்ண மட்டும் போட்டேன், மஞ்ச. அத எடுத்துட்டு மத்தத போட்டேன். கொஞ்ச நேரத்துல லைட்டு விஜிஏக்கு நகந்துச்சு, பூட்டுக்கு போச்சு, லோகோ வந்துருச்சு!! போர்டோட செட்டிங் ஸ்க்ரீன் பயாஸ்ல 16 ஜிபின்னு காட்டுது. சந்தேகத்துக்கு முதல் ரேமை வேற ஸ்லாட்டுலயும் போட்டு பாத்தேன், அங்கயும் மஞ்சதான். ஸ்லாட்டு நல்லாருக்கு, ரேம்தான் செத்தது. அப்பாட்ட சொன்னேன். சிரிச்சாவ, ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஜூன் 12
ரேமை வாரண்டிக்கு அனுப்பியாச்சு. போன் வரல.

ஜூன் 14
பழைய ஹார்ட் டிஸ்க்க மாட்டுனா "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்". பழைய மெஷின்ல எம்பிஆர்ங்குற பழைய டிஸ்க் அமைப்புல போட்ட விண்டோஸ், புது போர்டு யூஇஎஃப்ஐங்குற புது முறையில மட்டும்தான் பூட் ஆகும், அதுக்கு டிஸ்க் ஜிபிடிங்குற புது அமைப்புல இருக்கணும். டேட்டா போகாம ஜிபிடியா மாத்த விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒண்ணு இருக்கு, ஒரு கமாண்டுதான்னு சித்தி மவன் சொல்லுதான். லேய், அந்த டிஸ்க்குல நான் கை வைக்க மாட்டேன்னுட்டேன். மார்த்தாண்டம் கல்யாண ஆல்பத்துக்கு உள்ள படம் அதுல கிடக்கு. அப்பா முட்டம் பாறையில ஏறி நிக்க வீடியோவும் அதுலதான், வேற எங்கயும் காப்பி இல்ல. முதல்ல காப்பி எடுக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்.

பழைய டிஸ்க்கோட கேபிள புடுங்கி வச்சுட்டு புது என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க்குல விண்டோஸ் 11 ஏத்துதேன். ரெண்டும் மாட்டிருந்தா சில நேரம் பூட் ஃபைல பழைய டிஸ்க்குல கொண்டு போய் எழுதிரும்.

ஜூன் 15
பழைய டிஸ்க் டி டிரைவா வந்துருச்சு, பூட்டுக்குதான் ஜிபிடி, படிக்கதுக்கு எம்பிஆரே போதும். எல்லாத்தையும் காப்பி போட்டேன். வீடியோவ பாக்கல. இப்போ முடியாது.

ஜூன் 17
போன் வந்துச்சு. 19ஆம் தேதி அப்பாக்கு அட்மிட்.

ஜூன் 18
ஒத்த ரேம்ல ஃபோட்டோஷாப் இழுத்து இழுத்துதான் ஓடுது, ஆனா நிக்கல. ராத்திரிக்குள்ள ஆல்பம் குடுத்தா மீதி ரூவா கையில வரும், அது இல்லாம போக முடியாது. புது ரேம் பார்சல் வந்தா அத்தைய வாங்கி வைக்க சொல்லணும். காலையில அஞ்சு மணிக்கு வண்டி.