விடிய விடியத் திறந்திருந்த துணிக்கடை

ஒரு துணிக்கடை எதற்காக ராத்திரி மூன்று மணிக்குத் திறந்திருக்க வேண்டும்? நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைய வாழும் ஹார்லெம் பகுதியில், 125-ஆவது தெருவில், 1982-இல் தொடங்கிய டாப்பர் டான்ஸ் புட்டீக் அப்படித்தான் பல காலம் ராப்பகலாக, வாரத்தில் 7 நாளும் திறந்தே கிடந்தது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை, அங்கே துணி வாங்க வந்தவர்களுக்கு ராத்திரிதான் வேலை நேரம். சூதாடிகள், போதைப்பொருள் விற்றவர்கள், கிளப்பில் நிகழ்ச்சி முடித்துவிட்டு வரும் ராப் பாடகர்கள், குத்துச்சண்டை வீரர்கள். கையில் கட்டுக்கட்டாகப் பணம் இருக்கும், ஆனால் அதே நகரத்தின் ஐந்தாவது அவென்யூவில் இருக்கும் பெரிய பிராண்டு கடைக்குள் நுழைந்தால் ஏதோ திருட வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அவர்களை வாங்க உட்காருங்கள் என்று சொல்லி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, உடம்புக்கு அளவெடுத்த கடை இது.

கடைக்காரரின் நிஜப் பெயர் டேனியல் டே. 1944-இல் பிறந்தவர், ஹார்லெமின் 129-ஆவது தெருவும் லெக்சிங்டன் அவென்யூவும் சேரும் இடத்தில் வளர்ந்தவர். ஃபேஷன் கல்லூரி எதிலும் படித்தவர் இல்லை. அவருடைய முதல் தொழில் பகடை, அதாவது சூதாட்டம், அதுவும் சும்மா பொழுதுபோக்காக இல்லை, பதின்ம வயதிலேயே கைதேர்ந்தவர். 'டாப்பர் டான்' என்ற பெயரே அந்த வட்டாரத்தில் அதே பெயரோடு இருந்த மூத்த சூதாடி ஒருவரைத் தோற்கடித்ததால் கிடைத்ததுதான். அறுபதுகளில் ஆள் மாறினார். குடி, சிகரெட், போதை எல்லாவற்றையும் விட்டு, சைவத்துக்கு மாறி, ஹார்லெமில் வந்துகொண்டிருந்த ஒரு கறுப்பினப் பத்திரிகையில் வேலை பார்த்தார். கொலம்பியா பல்கலைக்கழகமும் அர்பன் லீக் அமைப்பும் சேர்ந்து நடத்திய ஒரு திட்டத்தில் 1968-இல் ஆப்பிரிக்கா போய் வந்தார். 1974-இல் மறுபடியும் போனார். அந்தப் பயணத்தில் அங்கிருந்த தையல்காரரிடம் தனக்குப் பிடித்த மாதிரி சொல்லிச் சொல்லி உடை தைத்துக்கொண்டதுதான் இந்தக் கதைக்கு விதை என்று நினைக்கிறேன். ஆள் சொல்வார், கைத்தொழில் தெரிந்தவர் தைப்பார், நடுவில் பிராண்டு என்று ஒன்று இல்லை.

சரி, கடை. ஆரம்பத்தில் அவருக்கு டிசைனர் ஆகும் எண்ணமே இல்லை. ஃபர் கோட், தோல் ஜாக்கெட் எல்லாம் மொத்த விலைக்கு வாங்கி விற்கலாம் என்றுதான் இறங்கினார். ஆனால் கம்பெனிகள் சரக்குக் கொடுக்கத் தயங்கின. ஹார்லெம் பக்கமே வரமாட்டோம் என்றார்கள் சிலர், இவருடைய சூதாட்டப் பழசைக் கிளறினார்கள் சிலர். கொடுக்காவிட்டால் போ, நானே செய்கிறேன் என்று துணியைப் பற்றி, தோலைப் பற்றி, ஃபரைப் பற்றித் தானாகவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கடைக்குப் பணம் போதாதபோது பழைய சூதாட்டமே கைகொடுத்தது.

'தானாகக் கற்றவர்' என்று எல்லாக் கட்டுரைகளும் அவரைப் பாராட்டுகின்றன. பாராட்டட்டும், ஆனால் எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் பெரும்பாலும் செனகலிலிருந்து வந்து ஹார்லெமில் குடியேறிய தையல்காரர்கள். தங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்தே இந்தத் தொழிலில் ஊறியவர்கள். கடை ராத்திரி முழுக்க ஓடியது என்றால் மெஷினும் ராத்திரி முழுக்க ஓடியது என்றுதான் அர்த்தம். டானுடைய கண்ணும் கற்பனையும் பெரிது, மறுக்கவில்லை. அந்தக் கைகளும் பெரிது.

அப்புறம் அந்த லோகோ விஷயம். ஒரு நாள் ஒருவர் லூயி விட்டான் என்ற பிரெஞ்சு பிராண்டின் கைப்பை ஒன்றைக் கடைக்குக் கொண்டுவருகிறார். சின்னப் பைதான், ஆனால் கடையில் இருந்த அத்தனை பேரும் அதையே பார்க்கிறார்கள். டானுக்குப் பொறி தட்டியது: ஒரு சின்னப் பைக்கே இவ்வளவு கிறக்கம் என்றால், தலையிலிருந்து கால் வரை இதுவே உடம்பில் இருந்தால்? முதலில் குச்சி (Gucci) என்ற இத்தாலிய பிராண்டின் கடையிலிருந்து, சூட்டை மாட்டி எடுத்துப்போகும் உறைப்பைகளை வாங்கிவந்து வெட்டி, லோகோ இருக்கும் பகுதியை ஜாக்கெட்டில் வைத்துத் தைத்துப் பார்த்தார். அழகாக வந்தது, ஆனால் எத்தனை பைகளை வெட்டுவது? கட்டுப்படியாகாது, துணியும் போதாது. ஆகவே அச்சடிக்கவே கற்றுக்கொண்டார். திருப்பூரில் பனியனுக்கு அடிக்கிறார்களே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான், ஆனால் இவர் அடித்தது தோலில். இது லேசான வேலை இல்லை. பனியன் துணி மையை உறிஞ்சிக்கொள்ளும், பதப்படுத்திய தோல் அப்படி உறிஞ்சாது. மேலாக உட்காரும் மை, ஜாக்கெட்டின் முழங்கை மடங்கும் இடத்தில் வெடித்து உரிந்துவிடும். போதாததற்கு ஒரே சின்னம் வரிசை தப்பாமல் திரும்பத் திரும்ப வரவேண்டும், கையும் உடலும் சேரும் தையலில் அந்த வரிசை உடைந்தால் மொத்தக் கோட்டும் பல்லிளிக்கும். மையோடும் அச்சுச் சட்டகத்தோடும் மல்லுக்கட்டி, தோலில் நிற்கும் ஒரு முறையை அவரே உருவாக்கினார். லூயி விட்டான், குச்சி, எம்சிஎம், ஃபெண்டி என்று நான்கு பிராண்டுகளின் சின்னமும் அவர் கையில் சுருள் சுருளாகத் தோலாக வந்துவிட்டது.

இதை டூப்ளிகேட் என்று சொல்லலாமா? சட்டப்படி சொல்லலாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னொருவருடைய டிரேட்மார்க்கை அனுமதியில்லாமல் அச்சடித்து விற்பது குற்றம்தான். ஆனால் டூப்ளிகேட் என்றால் அசல் என்று ஒன்று இருக்க வேண்டுமே. லூயி விட்டான் அப்போது பெட்டியும் பையும் செய்த கம்பெனி. அவர்கள் ரெடிமேட் உடைக்குள் வந்ததே 1998-இல், டிசைனர் மார்க் ஜேக்கப்ஸை வைத்துத்தான். 1986-இல் ஹார்லெமில் ஒருவர் போட்டிருந்த லூயி விட்டான் கோட்டுக்கு பாரிஸில் அசல் கிடையாது. அதனால்தான் டான் தன் சரக்கை மட்டமான நகல் என்று ஒத்துக்கொள்ளாமல், அசலைவிட ஒரு படி மேலே தூக்கியது என்று சொல்லிக்கொண்டார். இதில் எனக்குச் சிரிப்பு வரும் ஒரு விஷயம்: லூயி விட்டானின் அந்தப் பூவும் எழுத்தும் கலந்த சின்னத்தை 1896-இல் ஜார்ஜ் விட்டான் உருவாக்கியதே போலிகளைத் தடுக்கத்தான்.

யார் யார் போட்டார்கள் என்று பார்த்தால் அன்றைய ஹிப்ஹாப்பின் வருகைப் பதிவேடே இருக்கிறது. எல்எல் கூல் ஜே, சால்ட்-என்-பெப்பா, பிக் டாடி கேன், எரிக் பி, ராகிம். கடைசி இருவரும் 1987-இல் வந்த தங்கள் ஆல்பத்தின் அட்டையில் டான் தைத்த குச்சி ஜாக்கெட்டோடுதான் நிற்கிறார்கள். அட்டைப் படமாகவே அது உலகம் சுற்றியது. ஆனால் கடைக்கு முதலில் சோறு போட்டவர்கள் பாடகர்கள் இல்லை, தெருவில் போதைப்பொருள் விற்றவர்கள். ஆல்ப்போ மார்ட்டினெஸ் என்ற வியாபாரிக்காகத் தைத்த, திருப்பியும் போட்டுக்கொள்ளக்கூடிய, குல்லா வைத்த கோட் அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. குண்டு துளைக்காத கோட் கேட்டு வந்தவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். கார் சீட்டுக்குக்கூட லோகோ போட்ட தோல் உறை. கிராக் என்ற போதைப்பொருள் ஹார்லெமைச் சூறையாடிக்கொண்டிருந்த வருடங்கள் அவை, அந்தப் பணம்தான் இந்தக் கடையிலும் புழங்கியது. இவருடைய வெற்றிக்கதையைப் பளபளவென்று எழுதுபவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அவர் தன் 2019-ஆம் ஆண்டு தன்வரலாற்றில் தெருவாழ்க்கையை மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்பதால் நாம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்.

கடையைக் காட்டிக்கொடுத்தது ஒரு சண்டை. 1988 ஆகஸ்ட், விடிகாலை. மைக் டைசன் தனக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க வந்திருக்கிறார், உலகச் சாம்பியன் ஆயிற்றே, அந்த நேரத்துக்கும் கடை திறந்திருந்தது. முன்பு அவரிடம் தோற்ற குத்துச்சண்டை வீரர் மிட்ச் கிரீன் அங்கே வந்து வம்பிழுக்க, தெருவிலேயே அடிதடி. டைசனின் கை எலும்பு முறிந்தது, ஃபிராங்க் புரூனோவோடு நடக்க இருந்த போட்டி தள்ளிப்போனது, மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் செய்தி. விடிகாலையில் டைசனுக்கு ஒரு துணிக்கடையில் என்ன வேலை என்று எல்லோரும் கேட்க, அதுவரை ஹார்லெமுக்கு வெளியே அதிகம் தெரியாத கடைப் பெயர் பிராண்டுகளின் வக்கீல்கள் காதில் விழுந்தது. பிறகு ரெய்டுமேல் ரெய்டு. சரக்கு போகும், மெஷின் போகும், திரும்ப ஆரம்பிப்பார், திரும்ப வருவார்கள். ஃபெண்டிக்காக வந்த வக்கீல்களில் ஒருவர் சோனியா சோட்டோமேயர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனாரே, அவரேதான். 1992-இல் கடையை இழுத்து மூட வேண்டியதாயிற்று.

அதற்குப் பின் 25 வருடம். மறைவாகத்தான் தைத்தார், பாக்ஸர் ஃபிளாய்ட் மேவெதர் மாதிரி சிலர் தேடிவந்தார்கள். வெளியே உலகம் தலைகீழாக மாறியது. உடம்பு முழுக்க லோகோ என்பது பாரிஸிலும் மிலனிலும் நாகரிகம் ஆனது. சுப்ரீம் என்ற நியூயார்க் ஸ்கேட்போர்டு கம்பெனி 2000-இல் லூயி விட்டான் சின்னம் மாதிரி ஒன்றை வைத்துப் பலகை விற்று வக்கீல் நோட்டீஸ் வாங்கியது. 2017-இல் அதே லூயி விட்டான் அதே சுப்ரீமோடு கூட்டு சேர்ந்து உடை வெளியிட்டது. குச்சி சின்னத்தைச் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்த கிராஃபிட்டி கலைஞர் ஒருவரை 2016-இல் குச்சியே கூப்பிட்டு வேலை கொடுத்தது. அவர் வெள்ளையர். இதை நான் அழுத்திச் சொல்லவில்லை, சும்மா பக்கத்தில் வைக்கிறேன்.

2017 மே மாதம் ஃபிளாரன்ஸில் குச்சியின் ஷோ. டிசைனர் அலெஸ்ஸாண்ட்ரோ மிக்கேலே. ஒரு பெண் மாடல் ஃபர் ஜாக்கெட்டில் வருகிறார், கைகள் பலூன் போல உப்பி, அதன்மேல் முழுக்க குச்சி லோகோ. ஒலிம்பிக் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்ஸனுக்காக டான் எண்பதுகளின் இறுதியில் தைத்துக் கொடுத்த ஜாக்கெட் அது, ஒரே வித்தியாசம், டான் வைத்திருந்தது லூயி விட்டான் சின்னம். டிக்ஸனே தன் பழைய படத்தைப் புதுப் படத்தோடு சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டு, இதை முதலில் செய்தவர் டாப்பர் டான் என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள், லூயி விட்டான் சின்னத்தை அனுமதியில்லாமல் போட்டுத் தைத்த ஜாக்கெட்டை, அனுமதியில்லாமல் பார்த்து, தன் சின்னத்தைப் போட்டுத் தைத்துவிட்டது குச்சி. அது காப்பி இல்லை, மரியாதை செலுத்துதல் என்று குச்சி விளக்கம் சொன்னது. எண்பதுகளில் டானுக்கு இந்த வாக்கியம் கிடைக்கவே இல்லையே.

ஆனால் இணையத்தில் எழுந்த சத்தத்துக்குப் பிறகு குச்சி செய்தது உருப்படியான காரியம். ஒரு நஷ்டஈட்டுக் காசோலையோடு முடித்துக்கொள்ளாமல், அந்த வருடமே தங்கள் ஆண்கள் உடை விளம்பரத்தில் அவரையே நிறுத்தினார்கள், 2018 தொடக்கத்தில் ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் ஒரு பழைய வீட்டில் அவருக்கு மறுபடி தையலகம் திறந்து கொடுத்தார்கள். துணி, தோல், பட்டன், லோகோ எல்லாம் இத்தாலியிலிருந்து அசலாகவே வந்தன. முன்பதிவு செய்துவிட்டுப் போனவர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது அந்த அளவெடுப்புதான். பிராண்டுகள் அவர் லோகோவைத் திருடி விற்கிறார் என்று நினைத்தன. லோகோ மட்டும்தான் சரக்கு என்றால் 1992-லேயே அவருடைய கதை முடிந்திருக்கும், ஏனென்றால் சின்னத்தை அச்சடிக்க நூறு பேர் இருந்தார்கள். அவரிடம் இருந்தது வேறு: ஒருவர் உள்ளே நுழைந்ததும் இவர் எப்படித் தெரிய ஆசைப்படுகிறார், யார் முன்னால் தெரிய ஆசைப்படுகிறார் என்று கண்டுபிடிக்கும் கண். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி அடித்து உலகம் பூராவும் அனுப்பும் கம்பெனிக்கு அது வராது.

கூட்டு சேர்ந்ததும் அடங்கிப்போய்விட்டாரா என்றால், இல்லை. 2019 பிப்ரவரியில் குச்சி ஒரு கறுப்பு ஸ்வெட்டர் விற்றது, முகத்தின் பாதியை மூடும், வாய்க்கு மட்டும் ஓட்டை, சுற்றிலும் தடித்த சிவப்பு உதடு. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த பழைய மேடைகளை அமெரிக்காவில் யாரும் மறக்கவில்லை. குச்சி உடனே விற்பனையை நிறுத்தி மன்னிப்பும் கேட்டது, டானுக்கு அது போதவில்லை. பிராண்டு எல்லாம் அப்புறம், முதலில் நான் ஒரு கறுப்பன் என்று வெளிப்படையாகச் சொல்லி, தலைமை அதிகாரி மார்கோ பிட்சாரியை ஹார்லெமுக்கே வரவழைத்துப் பேசினார். அதற்கு அடுத்த மாதம் குச்சி 50 லட்சம் டாலர் நிதியும் 15 லட்சம் டாலர் கல்வி உதவித்தொகையும் அறிவித்தது. இந்தத் தொகை குச்சிக்குக் கொசுக்கடிதான். ஆனால் சம்பளம் கொடுக்கும் இடத்தைத் தன் தெருவுக்கு வரச்சொல்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும்.

2021-இல் அமெரிக்க ஃபேஷன் டிசைனர்கள் கவுன்சில் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது, அப்போது வயது 77. அடுத்த வருடம் அவர் கேப் (GAP) என்ற உடைக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு ஹூடி வெளியிட்டார், மார்பில் கேப்பின் வழக்கமான பெரிய எழுத்து, ஆனால் முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'டாப்' (DAP) என்று தன் பெயராக்கிவிட்டார். அந்த வயதிலும் அடுத்தவர் லோகோவில் கை வைக்காமல் இருக்க முடியவில்லை மனிதருக்கு, இந்தத் தடவை சம்மதம் வாங்கிக்கொண்டு.