யாரைத் தூக்குவே?

2021 செப்டம்பர் 2, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. லண்டன் ஓவலில் இந்தியா-இங்கிலாந்து டெஸ்டுக்கு டாஸ் போட்டு முடித்து, திரையில் நம் பதினோரு பேர் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தேன், கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தேன். ஆஃப் ஸ்பின்னர் அஷ்வின் இல்லை. அந்தத் தொடரில் நான்காவது டெஸ்டாக இல்லை.

மாடியிலிருந்து இறங்கி நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு மேலே, அவர் வீடு கீழே. டெஸ்ட் என்றால் நாங்கள் இருவரும் ஒரே டிவியில்தான் பார்ப்போம். ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு இது தினசரி வழக்கமாகிவிட்டது. மடிக்கணினியை அவர் கூடத்துக்கே எடுத்துப் போய்விடுவேன்.

"பாத்தீங்களா பெரியப்பா?"

"பாத்தேன். நாலு ஃபாஸ்ட் பௌலர், ஜடேஜா. சரியாத்தான் இருக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. காரணம் இருக்கிறது. சென்னையில் ஐந்தாம் டிவிஷன் லீக்கில் ஆறு சீசன் ஆஃப் ஸ்பின் போட்டவன் நான். ஒரு சீசனில் தொடர்ந்து மூன்று ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள். "பிட்ச்ல புல் இருக்கு, பந்து திரும்பாது" என்பதோடு சரி, வேறு பேச்சில்லை. ட்ரிங்க்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டும்போது விரல் முனையில் காய்த்துப்போன இடம் உறுத்தும். பந்து போடாத விரலில் அந்தக் காய்ப்பு ஒரே வாரத்தில் உரிய ஆரம்பித்துவிடும். அஷ்வினை பால்கனியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் என் வாதம் பாசத்தால் மட்டும் வந்ததில்லை. அந்த வருடம் பிப்ரவரி, மார்ச்சில் இதே இங்கிலாந்தை நம் ஊரில் எதிர்கொண்ட நான்கு டெஸ்ட்களில் அஷ்வின் 32 விக்கெட் எடுத்திருந்தார். சேப்பாக்கத்தில் சதமும் அடித்தார். அது நம் ஊர் பிட்ச் என்று ஒதுக்கிவிடலாம், சரி. ஜூலையில் சர்ரே கவுண்டி அணிக்காக, இதே ஓவல் மைதானத்தில், சாமர்செட்டின் இரண்டாவது இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தாரே? சாமர்செட் 69 ரன்னில் சுருண்டது. அந்தக் கோடையில் அந்தப் பிட்ச்சில் பந்து போட்டுப் பார்த்த ஒரே இந்தியர் அவர்தான். அவரை வெளியே உட்கார வைத்து அங்கே ஆடுவதா?

பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் எப்போதும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"யாரைத் தூக்குவே?"

தேர்வைப் பற்றி எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். யார் வர வேண்டும் என்பதை எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். யார் போக வேண்டும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். பெரியப்பாவிடம் அது நடக்காது. ஆளைச் சொல்ல வேண்டும், அவர் போட்ட ஓவரை யார் போடுவார், அவர் அடிக்கும் ரன்னை யார் அடிப்பார் என்றும் சொல்ல வேண்டும்.

"ஷர்துல்" என்றேன். அந்த நாலு வேகப்பந்து வீச்சாளர்களில் ஒருவர்.

அன்று சாயங்காலம் இந்தியா 127 ரன்னுக்கு 7 விக்கெட். அங்கிருந்து ஷர்துல் 36 பந்தில் 57 அடித்தார். ஐம்பதைத் தொட எடுத்துக்கொண்டது 31 பந்து. அணியின் மொத்தமே 191. அவர் இல்லாவிட்டால் 140ஐத் தாண்டியிருப்போமா என்பதே சந்தேகம். பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பி டம்ளரை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவருடைய பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1971 ஆகஸ்டில் அவருக்குப் பதினான்கு வயது. கும்பகோணத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓவல் டெஸ்ட் கேட்டவர். சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டு, அபித் அலி வெற்றிக்கான பவுண்டரியை அடித்த ஆட்டம். பேடி, சந்திரா, நம் வெங்கட்ராகவன் என்று மூன்று ஸ்பின்னர்கள் ஆடினார்கள். அதை நினைத்து உருகுகிறவர் எப்படி நாலு வேகப்பந்து வீச்சாளர்கள் பக்கம் நிற்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அவரே சொன்னார்.

"அப்ப புதுப் பந்தை யாரு எடுத்தா தெரியுமா? அபித் அலியும் சோல்கரும். ரெண்டு பேரும் ஆல்ரவுண்டர்டா. பளபளப்பு போற வரைக்கும் ரெண்டு ரெண்டு ஓவர் போட்டுட்டு, பந்தை ஸ்பின்னர் கையில குடுத்துருவாங்க. நம்மகிட்ட ஃபாஸ்ட் பௌலரே கிடையாது. அந்த ஊர்க்காரன் எகிறி எகிறிப் போடுவான், நம்மாள் உடம்புல அடி வாங்குவான், திருப்பிக் குடுக்க ஆள் இல்ல. இன்னிக்கு பும்ரா, ஷமி, சிராஜ், உமேஷ், இஷாந்த் எல்லாம் இருக்காங்க. அதுல நாலு பேரை ஒண்ணா இறக்குற டீமைப் பாக்க நான் அம்பது வருஷம் காத்திருந்திருக்கேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதே தொடரில், லார்ட்ஸில் கடைசி நாள் இங்கிலாந்தை 51.5 ஓவரில் 120க்கு அடக்கியது அவர்களில் நாலு பேர்தான்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் விடவில்லை. டாஸின்போது கோலி சொன்ன காரணத்தின் சாரம் இது: இங்கிலாந்தில் நான்கு இடது கை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், வேகப்பந்து வீச்சாளர்கள் ரவுண்ட் தி விக்கெட், அதாவது ஸ்டம்பின் மறுபக்கமாக, வந்து போடுவார்கள், ஜடேஜாவுக்கும் அது தோதாக இருக்கும். அடுப்படியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்தேன். டைல்ஸ் தரையில் தண்ணீர்ச் சொம்பை ஸ்டம்பாக வைத்து, என் கைக்குட்டையை ரஃப்பாக, அதாவது பௌலர்களின் காலடி பட்டுச் சொரசொரப்பான இடமாக, விரித்தேன்.

"வலது கை பௌலர் ஓவர் தி விக்கெட் போட்டு ஓடி வந்தா, காலடி எங்கே விழும்? வலது கை பேட்ஸ்மேனோட லெக் ஸ்டம்புக்கு வெளியே. அதுதான் ஜடேஜாவோட இடம். அங்கே குத்தி உள்ளே திருப்புவார். அதே பௌலர் ரவுண்ட் தி விக்கெட் போட்டா காலடி இந்தப் பக்கம் வரும்." கைக்குட்டையைச் சொம்பின் மறுபுறம் நகர்த்தினேன். "வலது கை ஆளோட ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. இது யாரோட இடம்? ஆஃப் ஸ்பின்னரோட இடம். ஜோ ரூட்டுக்கு எதிரா அஷ்வினுக்கு இதைவிட என்ன வேணும்? கோலி சொல்ற காரணமே அஷ்வினுக்குத்தான் சாதகம்."

பெரியப்பா எலுமிச்சம்பழத்தை வாங்கி, கைக்குட்டை மேல் உருட்டிப் பார்த்தார். "இது பாயிண்ட்" என்றார். அதற்கு மேல் இறங்கி வரவில்லை.

அப்புறம் திங்கட்கிழமை வந்தது. இங்கிலாந்துக்கு இலக்கு 368, விக்கெட் இழப்பில்லாமல் 77 என்று ஐந்தாம் நாள் தொடங்கியது. அங்கே காலையில் பர்ன்ஸ் ஐம்பது அடித்ததும் ஷர்துல் பந்தில் அவுட். நம் நேரத்துக்கு ஆறேகால் இருக்கும், பெரியம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். ஹமீது, ஜடேஜாவின் பந்தைக் காலால் தடுக்கலாமா என்று யோசித்ததுபோலத் தெரிந்தது. லெக் ஸ்டம்புக்கு வெளியே ரஃப்பில் குத்திய பந்து திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. அடுத்து பும்ரா. பழைய பந்து, செத்த பிட்ச். போப்பின் ஸ்டம்பைப் பெயர்த்தார். டெஸ்டில் அவருக்கு அது நூறாவது விக்கெட். பேர்ஸ்டோவுக்கு யார்க்கர், மட்டை இறங்குவதற்குள் ஸ்டம்ப் பறந்தது. மொயின் அலி, இடது கை ஆட்டக்காரர், ஜடேஜா பந்தில் ஷார்ட் லெக்கில் கேட்ச். 141க்கு 2 என்றிருந்தது 147க்கு 6. பெரியப்பா எழுந்து நின்று கை தட்டினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். 1971க்குப் பிறகு ஓவலில் நாம் ஜெயித்த முதல் டெஸ்ட் அது.

அன்று இரவு வந்த வாழ்த்துகளோடு, "இப்ப என்ன சொல்ற?" என்றும் நிறைய பேர் கேட்டார்கள். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். 157 ரன் வித்தியாசத்தில் ஜெயித்ததால், டாஸ் நேரத்தில் எடுத்த முடிவு சரியாகிவிடாது. அன்று காலை பிட்ச்சைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் பேச வேண்டும். ஷர்துலைத் தூக்கச் சொன்னது என் தவறு. அஷ்வினை வைத்திருக்க வேண்டும் என்றது தவறில்லை. ரன்னே வராமல் திணறிக்கொண்டிருந்த ரஹானே இடத்தில் ஆறு பேட்ஸ்மேன் கணக்கை ஐந்தாக்கி, ஜடேஜாவையும் அஷ்வினையும் சேர்த்து இறக்கியிருக்கலாம். அந்த ஆட்டத்தில் ஜடேஜாவையே ஐந்தாவதாக அனுப்பினார்களே.

பெரியப்பா 2018 சௌத்தாம்டனைச் சொல்வார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து மொயின் அலிக்கு 9 விக்கெட், அஷ்வினுக்கு 3. இந்தியா 60 ரன் வித்தியாசத்தில் தோற்றது. முழு உடல் தகுதி இல்லாமல் அவரை ஆட வைத்தார்கள் என்பது என் பதில். இதில் இருவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

2023இல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் அஷ்வின் இல்லை. 2024 டிசம்பரில், 537 விக்கெட்டோடு, பிரிஸ்பேனில் விடைபெற்றார். இனி இந்தச் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். 2025 இங்கிலாந்துத் தொடரில் ஸ்பின்னர் குல்தீப் வந்து சேர்ந்தார், ஐந்து டெஸ்டிலும் வெளியே.

மான்செஸ்டரில் இங்கிலாந்து 669 அடித்தது. வாஷிங்டன் சுந்தர் கையில் பந்தைக் கொடுத்ததே 69ஆவது ஓவரில்தான். முந்தைய ஆட்டத்தில், லார்ட்ஸில், 22 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தவர், நான்கும் போல்டு. அப்படிப்பட்டவரை ஏன் இவ்வளவு நேரம் மறைத்து வைக்க வேண்டும்? நான் குல்தீப், குல்தீப் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"யாரைத் தூக்குவே?"

"ஷர்துலைத்தான். மறுபடியும் அதே பேர்தான். இந்த தடவை கணக்கோட சொல்றேன். 157 ஓவர் நின்னுருக்கோம், அவர் போட்டது 11. பௌலரா எடுத்த ஆளுக்கு பதினோரு ஓவர்தான்னா அந்த இடம் சும்மா போகுது."

"41 அடிச்சாரே."

"அடிச்சார். குல்தீப் அதை அடிக்க மாட்டார். ஆனா இந்த 669, ஐந்நூறோட நின்னுருக்கும்."

பெரியப்பா யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள், ஜடேஜா 107, வாஷிங்டன் 101, இருவரும் நாட் அவுட். 425க்கு 4 என்று டிராவானபோது மணி இரவு பத்தைத் தாண்டிவிட்டது. டிவியை நிறுத்தப் போனவர் ரிமோட்டோடு நின்றார்.

"ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஷர்துல் மட்டையைத் தொடவே இல்லையேடா" என்றார்.

வியாழக்கிழமை ஓவலில் டாஸ். இறங்கி வருவதற்குள் கீழிருந்து அவர் குரல் கேட்டது. "நீ சொன்ன ஆளைத் தூக்கிட்டாங்க! ஆனா நீ சொன்ன ஆள் வரலை. பேட்ஸ்மேன் கருண் நாயர் வந்திருக்கான்."

எலுமிச்சம்பழம் எடுக்க அடுப்படிக்குப் போனேன்.