வடகரையில் டிசம்பர்

டிசம்பர் 14, 2024, சனி

நாத்தனார் குடும்பம் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நேற்று ராத்திரி வந்து சேர்ந்தது. பள்ளிகள் மூடியாகிவிட்டன, கட்டட வேலையும் ஜனவரி வரை கிடையாது. அங்கிருந்து இறங்கி வருகிற கார்களில் பெரும்பாலானவை டர்பனுக்கோ அதற்குத் தெற்கேயோ போய்விடும். டர்பனுக்கு வடக்கே, டொங்காட்டிலிருந்து துகேலா ஆறு கடலில் சேரும் இடம் வரை நீளும் எங்கள் தென்னாப்பிரிக்க வடகரைப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. பலீட்டோ என்ற கடற்கரை ஊரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அங்கே இப்போதே கார் நிறுத்த இடம் கிடையாது.

சாப்பிடும்போது எங்கே போவது என்று பேச்சு. எங்கள் வீடு ஸ்டேங்கரில். 2006-லேயே பெயர்ப்பலகையை குவாடுகூசா என்று மாற்றிவிட்டார்கள், வீட்டுக்குள் இன்னும் ஸ்டேங்கர்தான். இங்கிருந்து பிளைத்டேல் கடற்கரை பத்து நிமிஷம். பிள்ளைகளுக்கு பலீட்டோ வேண்டும். என் மாமியார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "திங்கட்கிழமை லா மெர்சி. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். பத்து நிமிஷத்தில் ஒரு கடல் இருக்க, எதற்கு தெற்கே அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

டிசம்பர் 16, திங்கள்

நல்லிணக்க நாள், அரசு விடுமுறை. மார்கழியும் இன்றுதான் பிறந்தது. திங்கட்கிழமை அத்தைக்கு விரதம், அதனால் பானையில் காய்கறி பிரேயானி, தனியாக ஒரு சட்டியில் பீன்ஸ் கறி. சுங்கச் சாவடிக்குக் காசு அழுவானேன் என்று பழைய ஆர் 102 சாலையிலேயே போனோம். க்ரூட்வில் தாண்டும்போது அத்தை வழக்கம்போல, நிறவெறி ஆட்சியை எதிர்த்த தலைவர் லுட்டூலியின் வீடு இருக்கும் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். 1960-ஆம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்றவர் இந்தக் கரும்புக் காட்டு ஊர்க்காரர். 1967-ல் வீட்டுக்குப் பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் மோதி இறந்தார் என்று சொன்னார்கள். அத்தைக்கு அப்போது பதினேழு வயது. ரயில் மோதிய கதையை அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

லா மெர்சி பார்க்க அப்படியொன்றும் அழகான கடற்கரை இல்லை. அலை கரையிலேயே தடாலென்று உடையும், மணல் சொரசொரப்பு. தலைக்கு மேலே பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்குகிறது. 1970-களிலேயே இதற்கு இடம் எடுத்து, வேலையைத் தொடங்கி, நிறுத்தி, கடைசியில் 2010 மே மாதம்தான் கிங் ஷாக்கா விமான நிலையம் திறந்தது. போதாததற்கு 2021 ஜூலைக் கலவரத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து, விஷத் தண்ணீர் ஆற்றோடு கடலுக்கு வந்து, இந்தப் பக்கத்துக் கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அடுத்த ஏப்ரலில் பெருவெள்ளம்.

ஆனாலும் அத்தைக்கு இதுதான் கடல். டொங்காட்டில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது இந்தியர்கள் வீடு கட்டிக்கொள்ள, குளிக்க, பாயை விரிக்க விட்ட கரை இது. புத்தாண்டு அன்று கரும்பு லாரியில் பானை, விறகு, ஆயா, கைக்குழந்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953-ல் வந்தது. கரைகளை எல்லோருக்கும் திறந்துவிடுகிறோம் என்று 1989 நவம்பரில்தான் அறிவித்தார்கள். அப்போது அத்தைக்கு முப்பத்தொன்பது வயது, மூன்று பிள்ளைகள். மூத்தவர் என் கணவர். அவர் நீச்சல் கற்றுக்கொள்ளாமலே வளர்ந்துவிட்டார்.

பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் முன் அத்தை கற்பூரம் ஏற்றி, மஞ்சள் தண்ணீரும் பூவும் அலையில் விட்டு, "கங்கம்மா, பாத்துக்கோ" என்றார். சின்னவள் கேட்டாள்: "ஆயா, சுறா இருந்தா?" "அதுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்."

டிசம்பர் 17, செவ்வாய்

ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன். பைகளிலிருந்து மணல் உதறியதில் வாசலில் கோலம் போடலாம் போலிருந்தது.

டிசம்பர் 18, புதன்

சால்ட் ராக். பிள்ளைகள் ஜெயித்த நாள்.

இங்கே கடலுக்குப் போக நாள் பார்ப்பது ஒரு கலை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் காலை ஒன்பது, பத்து மணிக்கு நன்றாக வற்றும், பிற்பகல் மூன்று, நான்குக்கு மேலே ஏறும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப்போகும். ஞாயிறு பௌர்ணமி, அதனால் இன்று பதினொன்றை ஒட்டிப் பாறையெல்லாம் வெளியே தெரியும் என்று கணக்குப் போட்டுப் போனோம். சரியாக இருந்தது. பாறைகளுக்கு நடுவே சுவர் கட்டி வைத்திருக்கும் கடல்நீர்க் குளத்தில் நீச்சல் தெரியாதவர்களும் பயமில்லாமல் இறங்கலாம். கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி விழுந்து தண்ணீரை மாற்றிவிடும். என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் சின்னவளிடம் நீச்சல் பழகினார். அவளுக்கு வயது ஒன்பது. ரொம்பக் கண்டிப்பான வாத்தியார்.

ஜூலு மன்னர் ஷாக்கா காலத்தில் பெண்கள் இந்தப் பாறைகளிலிருந்து உப்பு எடுத்தார்கள் என்று சொல்வார்கள், ஊர்ப் பெயரே அதனால்தான். இப்போது பாறைக்கு மேலே வரிசையாகக் கண்ணாடி பங்களாக்கள்.

அத்தை காரைவிட்டு இறங்கினார், ஆனால் மணலுக்கு வரவில்லை. மேலே புல்தரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு லிச்சி உரித்தார். நாத்தனாருக்குக் கோபம். "முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா, யார் இப்ப தடுக்கறாங்க?" "யாரும் தடுக்கலைன்னு எனக்கும் தெரியும்டி. வெயில் கண்ணுல அடிக்குது." பதினொரு மணி வெயில் உச்சியில்தான் இருந்தது, யார் கண்ணிலும் அடிக்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. மருமகளுக்கு அது தேவையில்லாத வேலை.

டிசம்பர் 21, சனி

பலீட்டோ. 1954-ல் வெள்ளையர் விடுமுறை ஊராக மனை போட்டு விற்ற இடம், இன்று அடுக்குமாடியும் கடைவீதியுமாக நிற்கிறது. தாம்சன்ஸ் பே பாறையில் கடல் குடைந்த ஓட்டை வழியாகப் போய்வந்தது நன்றாக இருந்தது. மற்றபடி கூட்டம், பாட்டு, குழாயடியில் வரிசை. மிளகாய்த்தூள் தூவிய அன்னாசிப்பழம் தின்றோம். பெரியவன் ஐஸ்கிரீமோடு சேர்த்து மூக்குக் கண்ணாடியையும் தொலைத்தான்.

அத்தை வரவில்லை, முழங்கால் வலி என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஷாட் மீன் பிடிக்க என் கணவரோடு பிளைத்டேல் போனேன். இங்கே இந்த மாதம் ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடுகிறது. நாங்கள் போனபோது ஏற்கெனவே கரை நெடுகத் தூண்டில்காரர்கள். பாதிப் பேர் நம்மவர்கள். ஷாட் முட்டையிடும் காலம் என்பதால் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பிடிக்கக் கூடாது. டிசம்பர் பிறந்ததும் இந்தத் தூண்டில்காரர்களுக்குத் தீபாவளி. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு மீன்தான், முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அளவுகோலைத் தூண்டில் கம்பிலேயே கோடு போட்டு வைத்திருந்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளி வீசு, என் நரம்பு சிக்குது" என்று இரண்டு தரம் என் கணவரைச் செல்லமாகத் திட்டினார். மூன்று மீன் கிடைத்தது.

ஷாட் சதை மிருதுவானது, ஐஸில் போட்டு நாளைக்கு என்று வைத்தால் குழைந்துவிடும். அன்றே அறுத்து, மஞ்சளும் மிளகாயும் தடவி, பகல் சாப்பாட்டுக்கே பொரித்துவிட வேண்டும். அத்தை பொரித்தார். தாமிரபரணிக்கரையில் பிறந்து ஆற்று மீனே ஒசத்தி என்று பேசிவந்த நான் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

டிசம்பர் 25, புதன்

மழை. நாள் முழுக்கச் சீட்டாட்டம். சாலையோரத்தில் லிச்சி விற்கும் அம்மாவிடம் இன்னும் இரண்டு கொத்து வாங்கினோம்.

டிசம்பர் 27, வெள்ளி, ஜின்க்வாசி

நேற்று காலை வந்தோம். ஸ்டேங்கரிலிருந்து வடக்கே, கரும்புக் காட்டுக்குள் புகுந்து போய்க்கொண்டே இருந்தால் சாலை முடிகிற இடம். இதைத் தாண்டினால் துகேலா. பிரிட்டிஷார் ஜூலு மன்னருக்கு 1878 டிசம்பர் 11 அன்று இறுதி எச்சரிக்கையை வாசித்தது அந்த ஆற்றங்கரை அத்திமரத்தடியில். அடுத்த மாதம் போர் தொடங்கிவிட்டது.

நாத்தனார்தான் மூன்று ராத்திரிக்கு வீடு எடுத்தாள். அத்தையை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று கேட்டேன். "கழிவறை பக்கத்திலேயே இருக்கு, நிழல் இருக்கு, பானை வைக்க வெளி அடுப்பு இருக்குன்னு சொன்னேன்" என்றாள். லா மெர்சி, சால்ட் ராக் பேச்சையே எடுக்கவில்லையாம். கெட்டிக்காரி.

ஜின்க்வாசியின் முக்கிய இடம் கடலல்ல, காயல். ஆறு கடலைத் தொடும் வாயில் மணல் மேடு அடைத்துக்கொண்டு பெரும்பாலும் தண்ணீர் அசையாமல் நிற்கும். பலத்த மழை வந்தால் மேடு உடைந்து கடலோடு கலக்கும். கிறிஸ்துமஸ் மழைக்கு உடையவில்லை. கரையெல்லாம் காட்டு வாழை, அதன் நிழல் தண்ணீர் வரைக்கும் விழுகிறது. நேற்று மாலை அத்தை அங்கே பாயை விரித்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றினார். அப்புறம் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சின்னவளுக்குக் குட்டி மீன் காட்டினார். பேசிக்கொண்டே நின்றார், அரைமணி நேரம். மாமாவின் பாட்டி சின்னப் பெண்ணாக கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்த கதை. இங்கே தேயிலையா என்று சின்னவளால் நம்ப முடியவில்லை. ஆமாம், ஸ்டேங்கரைச் சுற்றி ஒரு காலத்தில் மலையெல்லாம் தேயிலை. 1911-ல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வருவது நின்றதும் பறிக்க ஆளில்லாமல் அது மெல்லச் செத்தது, கரும்பு நின்றது.

இன்று விடியற்காலை சுறா வாரியத்தின் படகைப் பார்த்தோம். அலைக்குள் மூக்கை விட்டு அது தாவி ஏறுவதைப் பார்க்கவே ஐந்து மணிக்கு எழுந்திருக்கலாம். சுறா வலை என்றால் கடலில் வேலி கட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு வலையும் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம், அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் பக்கத்திலும் சுறா தாராளமாகப் போய்வரலாம். கரையை ஒட்டிச் சுற்றும் சுறாக்களைப் பிடித்துக் குறைப்பதுதான் அதன் வேலை. டர்பனில் 1952-ல் முதலில் போட்டார்கள். 1957 டிசம்பரிலிருந்து தெற்குக் கரையில் அடுத்தடுத்துச் சுறா தாக்கி ஆட்கள் செத்தபோது பயந்துபோய் மற்ற ஊர்களும் கேட்டன. 1964-ல் வாரியம் வந்தது. ஆமையும் டால்பினும் திருக்கையும்கூட மாட்டிச் சாகின்றன என்பதால் சில இடங்களில் வலையைக் குறைத்து, இரை கோத்த பெரிய தூண்டில்களை மிதக்க விடுகிறார்கள். பெரியவனுக்கு இது சரியென்று படவில்லை. சுறாவின் வீட்டுக்கு நாம்தானே போகிறோம் என்றான். அத்தை, "நீ இறங்கும்போது அதுகிட்ட இதச் சொல்லு" என்றார்.

பகல் பதினொன்றுக்கு ஒரு குரங்குக் கூட்டம் ஜன்னல் வழியாக வந்து ரொட்டியையும் மிச்ச லிச்சியையும் தூக்கிக்கொண்டு போனது. ஒன்று கூரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே உரித்துத் தின்று கொட்டையை முற்றத்தில் துப்பியது.

டிசம்பர் 28, சனி

டால்பின்கள். நாஷ்டாவின்போது அலைக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன, பத்துப் பதினைந்து இருக்கும். இந்தக் கரைக்கே டால்பின் கரை என்றுதான் விளம்பரப் பெயர். விளம்பரம் உண்மையாவது அபூர்வம். அத்தை கடலைப் பார்த்த மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன்.

ஜனவரி 1, 2025, புதன்

புத்தாண்டுக்கு லா மெர்சி, அதில் பேரம் கிடையாது. நடக்க இடமில்லாத கூட்டம். உள்நாட்டிலிருந்து வந்த ஜூலு குடும்பங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக பிளாஸ்டிக் பாட்டில்களில் கடல்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. உடம்புக்கும் வீட்டுக்கும் பட்ட தீமை கழிய வைத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பாயில் இருந்த அம்மா அத்தையிடம் மூடி இரவல் கேட்டார், இருவரும் ஜூலுவில் அரைமணி பேசினார்கள், கடைசியில் எங்கள் பிரேயானி அந்தப் பக்கமும் அவர்கள் கோழி இந்தப் பக்கமும் மாறின. நேற்றுதான் கறிப் பானை சரியாக வேகவில்லை என்று அத்தை என்னைக் குறை சொன்னார், இன்று அதே பக்குவம் அங்கே பாராட்டு வாங்கியது.

ஜனவரி 3, வெள்ளி

ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் கணவாயில் நெரிசலுக்கு முன் ஏறிவிட வேண்டும் என்று நாத்தனார் குடும்பம் காலை நான்கு மணிக்குக் கிளம்பிவிட்டது.

மத்தியானம் அத்தை என் கணவரைக் கூப்பிட்டு ஜின்க்வாசி வீட்டுக்காரரின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். ஈஸ்டருக்கா என்றார் இவர். "ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில் இருக்கில்ல. ஜூலை லீவுக்குக் கேளு, மத்தி மீன் கரைக்கு வர நேரம்." போன் போட்டார். ஜூலையில் வாடகை பாதிதானாம், ஆனால் முன்பணம் இப்போதே கட்ட வேண்டும். அத்தை உள்ளே போய்ப் பர்ஸை எடுத்துவந்தார். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துத் தருவார்களா என்பதையும் கேட்கச் சொன்னார்.