கலிபோர்னியாவில் வாங்கிய மஸ்டாங், மெல்பர்னுக்குக் கப்பலேறும் வரை

1967ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றைக் கலிபோர்னியாவில் வாங்கி மெல்பர்னுக்குக் கொண்டுவந்ததில், காரைத் தேடியதைவிட, வாங்கிய பின் கப்பலேறும்வரை அதை எங்கே, எப்படி நிறுத்திவைப்பது என்பதற்கே நான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. 25 ஆண்டுகளைக் கடந்த கார்களை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவர வழி உண்டு. ஆனால் இறக்குமதி அனுமதி கைக்கு வருமுன் காரை அனுப்பக் கூடாது. அனுமதி கேட்பதற்கோ, குறிப்பிட்ட ஒரு காரின் அடையாள எண்ணும் அதன் வயதுக்கான சான்றும் வேண்டும். விற்பவர் அதுவரை காத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே முதலில் பணத்தைக் கொடுத்து, 'பிங்க் ஸ்லிப்' எனப்படும் உரிமைப் பத்திரத்தை மோட்டார் வாகனத் துறையில் என் பெயருக்கு மாற்றினேன். கார் சாலைக்கு வராது என்று அங்கேயே பதிந்துகொண்டால், ஆண்டுப் பதிவுக் கட்டணத்துக்குப் பதிலாகச் சிறு தொகை கட்டினால் போதும். அமெரிக்கச் சுங்கத் துறை, ஏற்றுமதிக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே காரையும் மூலப் பத்திரத்தையும் கேட்கும். ஆகையால் பத்திரத்தைக் காரில் விட்டுவைக்காமல் கப்பல் முகவரிடம் ஒப்படைத்தேன்.

நிறுத்துமிடத்தைப் பொறுத்தவரை, மாத வாடகைக்குக் கிடைக்கும் பூட்டறைதான் மலிவு. நான் கூடுதல் வாடகைக்கு ஒரு பழைய கார்ப் பட்டறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை. அந்தக் காலத்துக் கார்களிலோ பிரேக் லைனிங், கிளட்ச், எஞ்சின் கேஸ்கெட் என்று பல இடங்களில் அது இருக்கும். துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் அகற்றும் செலவோடு தங்கல் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். கார் எப்படியும் சும்மா நிற்கப்போகிறது, அந்த வேலையை அங்கேயே முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பட்டறைக்காரர் பாகங்களை மாற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கையும் வாங்கித் தந்தார்.

எத்தனால் கலந்த பெட்ரோல் நின்றால் கெடும் என்பதால் அதைக் கெடாமல் காக்கும் திரவத்தை டேங்கில் ஊற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, கைபிரேக்கை விடுவித்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். எலிக்குப் பயந்து காற்று வடிகட்டியின் வாயையும் அடைத்தோம். பழைய வயர்களின் மீது எலிக்கு இருக்கும் பிரியம் தனி.

அனுமதி வந்த பிறகும் நான் அவசரப்படவில்லை. குளிர்காலத்தில் வண்டிகளுக்குள் ஒளியும் நாற்றப்பூச்சி ஒன்று ஆஸ்திரேலியாவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அமெரிக்காவிலிருந்து அனுப்பப்படும் வாகனங்களை சூடாக்கியோ நச்சுப்புகையூட்டியோ கட்டாயம் பூச்சிநீக்கம் செய்ய வேண்டும். பழைய இருக்கை உறைகளை அந்தச் சூட்டில் வைக்க மனமில்லாமல், வாடகையை நீட்டித்து, மே மாதம் கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் கொள்கலனில் ஏற்றினேன். மெல்பர்னில் மண்ணும் விதையும் ஒட்டியிருக்கின்றனவா என்று அடிப்பகுதியைப் பார்த்தார்கள், ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்கினார்கள். காரின் விலையோடு கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டி, அதன்மேல் கணக்கிடப்பட்ட 10 விழுக்காடு ஜிஎஸ்டியைச் செலுத்தியதும் காரை விடுவித்தார்கள்.