அணையின் எந்த வாயிலிருந்து வருகிறது தண்ணீர்?

அணையில் இன்று விநாடிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதுதான் நமக்கு வழக்கமான செய்தி. பாசனத்துக்கு அந்தக் கணக்குப் போதும், மீனுக்குப் போதாது. அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரியில் வந்தது, ஒரே நாளில் எத்தனை தடவை ஏறி இறங்கியது, மணலோடு வந்ததா, வடிகட்டினாற்போல் வந்ததா, எந்த மாதத்தில் வந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு மீனுக்கு ஆறு. இவை அத்தனையையும் பல ஆண்டுகளாக விடாமல் அளந்து வைத்திருக்கும் ஆறு அமெரிக்காவின் கொலராடோ. அதிலும் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் ஓடும் பகுதி.

அரிசோனாவில் இருக்கும் இந்தக் கான்கிரீட் அணையின் உயரம் 710 அடி. 1963 மார்ச்சில் ஆற்றை அடைத்தார்கள். பின்னால் தேங்கிய பாவெல் ஏரி முதன்முறை முழுதாக நிரம்பியது 1980இல்தான். கட்டியபோது கொள்ளளவு சுமார் 2.7 கோடி ஏக்கர் அடி. நம் கணக்கில் 1,170 டிஎம்சிக்கு மேல், அதாவது மேட்டூரைப் போலப் பன்னிரண்டு மடங்கு.

இந்த ஆற்றுக்கே உரிய மீன்களில் ஒன்று ஹம்ப்பேக் சப். தலைக்குப் பின்னால் மாட்டுத் திமில் மாதிரி மேடு, சின்னக் கண், ஒல்லியான வால்தண்டு, உடம்புக்கு மீறிய அகலத் துடுப்பு. கலங்கிச் சுழித்து ஓடும் வெள்ளத்துக்கென்றே வார்த்த உடம்பு. வளர்ந்தால் ஒன்றரை அடி, முப்பது ஆண்டுக்கு மேல் வாழும். அறிவியல் பெயர் கிடைத்ததே 1946இல்தான், 1967இல் அழியும் உயிர்களின் பட்டியலில் ஏறிவிட்டது. நம் காவிரியின் திமில் மஹ்சீரும் அப்படித்தான். அதன் அறிவியல் பெயர் எது என்று உறுதியான அதே 2018இல், மிக மோசமான அபாயத்தில் இருக்கும் உயிர் என்று சிவப்புப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

முதல் சிக்கல் குளிர். அணை வருவதற்கு முன் இந்த ஆற்றுத் தண்ணீர் குளிர்காலத்தில் உறைநிலையைத் தொடும், கோடையில் 30 டிகிரியை நெருங்கும். மின்நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கும் எட்டுக் குழாய்களின் வாய் கடல்மட்டத்திலிருந்து 3,470 அடி உயரத்தில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் நீர்மட்டம் 3,700 அடி. ஆக, மேற்பரப்புக்கு 230 அடி கீழேயிருந்து தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. கோடையில் ஏரியின் மேல்தட்டு வெந்நீர் மாதிரிச் சுட்டாலும் அந்த ஆழத்துக்குச் சூடு இறங்காது. அதனால் ஏரி நிறைந்திருந்த காலத்தில் ஜூலையானாலும் ஜனவரியானாலும் கீழே போனது பத்து டிகிரிக்கு முன்பின்னான தண்ணீர்தான்.

ஹம்ப்பேக் சப் என்ற இந்தக் கொலராடோத் திமில் மீனின் முட்டைக்கு 16 முதல் 22 டிகிரி வேண்டும். பத்து டிகிரியில் பெரும்பாலும் பொரிக்காது, தப்பிப் பொரித்தாலும் குஞ்சு தேறாது. எனவே இனப்பெருக்கம் ஏறக்குறைய முழுவதுமாக ஒரே துணையாற்றுக்குள் ஒதுங்கிவிட்டது: அணைக்கு 76 மைல் கீழே வந்து சேரும் லிட்டில் கொலராடோ. அதில் அணை விளையாட்டு இல்லை, தண்ணீர் வெதுவெதுப்பு. ஆனால் கோடை மழை வெள்ளம் வந்தால் விரல் நீளக் குஞ்சுகளை அடித்துக்கொண்டு வந்து பிரதான ஆற்றில் தள்ளிவிடும். இருபது டிகிரிக்கு மேலிருந்து சட்டென்று பத்து டிகிரிக்குள் விழுந்த குஞ்சுக்குத் தசை மரத்துப்போகும், நீந்தும் வேகம் குறையும், வளர்ச்சி நின்றுவிடும். உடனே சாகிறதோ இல்லையோ, நாள்கணக்கில் சின்னதாகவே இருக்கும். சின்னதாக இருக்கும்வரை ட்ரவுட் மீனின் வாய்க்கு அடக்கம். குளிர்ந்த தெளிந்த நீர் ட்ரவுட்டுக்குச் சொர்க்கம் என்று தூண்டில்காரர்களுக்காகக் கொண்டுவந்து விட்டதும் மனிதர்கள்தான்.

அடுத்தது ஏற்ற இறக்கம். புனல் மின்சாரத்தின் அருமையே வேண்டும்போது கூட்டிக் குறைக்கலாம் என்பதில் இருக்கிறது. 1991க்கு முன் கோடையில் ஒரே நாளில் 3,000 கன அடிக்கும் 31,000 கன அடிக்கும் இடையே ஏற்றி இறக்கினார்கள். கடலே இல்லாத இடத்தில் தினமும் ஓதம். 1992இல் கிராண்ட் கேன்யன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1996 விதிகளின்படி, கூட்டினால் மணிக்கு 4,000 கன அடிக்கு மேல் கூட்டக்கூடாது, குறைத்தால் மணிக்கு 1,500க்கு மேல் குறைக்கக்கூடாது. பகலில் 8,000 கன அடிக்கும் இரவில் 5,000 கன அடிக்கும் கீழே போகக்கூடாது. குறைப்பதற்கு மட்டும் ஏன் கடிவாளம் இறுக்கம் என்றால், நீர் சட்டென்று வடிந்தால் கரையோரப் பள்ளங்களில் ஒதுங்கிய குஞ்சுகள் திரும்ப ஆற்றுக்குள் வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். கரை மணலுக்குள் ஊறிய நீர் வெளியேறும் வேகத்தில் மணல்திட்டும் சரியும். 2016இல் இந்தக் கடிவாளத்தை மணிக்கு 2,500 கன அடியாகக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

இவ்வளவு செய்தும் மீனுக்கு இரை சேரவில்லை. காரணம் பூச்சி முட்டை. நீர்க்கொசு வகைப் பூச்சிகள் அந்தி சாய்ந்ததும் நீர்விளிம்புக் கற்களில் முட்டையை ஒட்டவைக்கும். அந்த நேரத்தில் நீர் உச்சத்தில் இருந்து, பிறகு வடிந்தால், காலை வெயிலில் முட்டை காய்ந்து போகும். வேடிக்கை என்னவென்றால், அணையில் கிளம்பும் உச்ச அலை பள்ளத்தாக்கின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்கிறது. அந்தியில் நீர் தாழ்ந்திருக்கும் இடங்களில் பூச்சி மிகுதி, உயர்ந்திருக்கும் இடங்களில் சொற்பம். இது தெரிந்த பிறகு 2018 முதல் சில ஆண்டுகள், மே முதல் ஆகஸ்ட் வரை சனி ஞாயிறுகளில் மட்டும் குறைந்த அளவில் ஒரே சீராகத் திறந்து பார்த்தார்கள். வார இறுதியில் விளிம்பில் இட்ட முட்டை, வாரநாளில் நீர் ஏறும்போது நனைந்தே இருக்கும். மின்தேவை குறைவான நாளாகப் பார்த்துத் தேர்ந்ததால் நட்டமும் பெரிதில்லை. அணைக்காரர்கள் செய்ததிலேயே கெட்டிக்கார வேலை இதுதான் என்பேன்.

மணலுக்கு வருவோம். முன்பு லீஸ் ஃபெரி என்னும் இடத்தை ஆண்டுக்குச் சுமார் 5.7 கோடி டன் வண்டல் கடந்து போனது. இப்போது அது ஏரிக்கடியில் தங்கிவிடுகிறது. குஞ்சுகள் ஒதுங்கும் அசைவற்ற வெதுவெதுப்பான ஒதுக்குநீர், மணல்திட்டுகளுக்குப் பின்னால்தான் உண்டாகும். திட்டு கரைந்தால் தொட்டிலும் போயிற்று. அணைக்குக் கீழே பெரும்பாலும் மணல் கொண்டுவருவது பரியா என்ற சிற்றாறும் லிட்டில் கொலராடோவும்தான். ஆற்றடியில் கிடக்கும் அந்த மணலை அள்ளிக் கரையில் ஏற்ற, செயற்கை வெள்ளம் விடுகிறார்கள். 1996இல் ஏழு நாள் 45,000 கன அடி விட்டார்கள். ஆற்றடியில் புது மணல் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் விட்டதால் பழைய திட்டுகளின் அடிப்பகுதியே அரிபட்டு மேலே ஏறியது. அதனால் 2004இல், பரியா மணல் கொண்டுவந்து கொட்டிய பிறகு, நவம்பரில் 60 மணி நேரம் மட்டும் விட்டார்கள். 2008இல் மறுபடி மார்ச்சில் விட்டபோது திட்டு உயர்ந்தது, ஆனால் சரளைக்கல்லைக் கழுவிச் சுத்தமாக்கியதில் ட்ரவுட் குஞ்சுகள் பெருத்துவிட்டன. பெருத்த ட்ரவுட் கீழே நகர்ந்து திமில் மீன் குஞ்சு இருக்கும் இடத்துக்கே வந்தன. அதன்பின் 2012 முதல் 2018 வரை விட்ட ஐந்து வெள்ளமும் நவம்பரில்தான்.

2000க்குப் பிறகு தொடர் வறட்சியில் ஏரி இறங்கியது. நீர்மட்டம் இறங்க இறங்க, மேல்தட்டுச் சூடு 3,470 அடி வாயை நெருங்கியது. யாரும் ஒரு திருகைத் திருகாமலே ஆறு சூடேறியது. கீழே, மேற்குக் கிராண்ட் கேன்யனில், பல்லாண்டுகளாகக் காணாத திமில் மீன்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அங்கே இன்னொரு தற்செயலும் கைகொடுத்தது. கீழேயுள்ள மீட் ஏரியும் வற்றியதால் ஆறு பழைய வண்டலை அறுத்துப் பாறை விளிம்பில் விழ ஆரம்பித்தது. பியர்ஸ் ஃபெரி என்ற அந்த வேகநீர்ப் படி, ஏரியின் அயல்மீன்கள் மேலேறி வராமல் தடுப்பாகிவிட்டது. 2021 அக்டோபரில் திமில் மீனின் நிலை ‘அழியும் நிலை’யிலிருந்து ‘அச்சுறுத்தலுக்குள்ளான நிலை’க்கு ஒரு படி தளர்த்தப்பட்டது.

அந்த மை காய்வதற்குள் பாஸ் வந்தது. ஸ்மால்மவுத் பாஸ் பாவெல் ஏரியின் மேல்தட்டில் வாழும் கொடிய ஊனுண்ணி. நீர்மட்டம் தாழ்ந்ததால் மேல்தட்டும் அதிலுள்ள மீனும் குழாய்வாய்க்கு அருகே வந்தன. டர்பைன் வழியாக உயிரோடு இறங்கிய சில பாஸ்களுக்குக் கீழேயும் 16 டிகிரிக்கு மேல் தண்ணீர். அதுதான் அவை கூடு கட்டும் சூடு. ஆண் மீன் வாலால் சரளையை விசிறிக் கிண்ணம்போல் குழிவு செய்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். 2022 கோடையில் அணைக்கு மூன்று மைல் கீழேயுள்ள ஒரு தேங்குகுட்டையில் பாஸ் குஞ்சுகள் கிடைத்தன. குட்டையைத் திரையிட்டு அடைத்து ரோட்டினோன் என்ற மீன்கொல்லியை விட்டார்கள். 1962இல் இதே ஆற்றமைப்பின் கிரீன் ஆற்றில், ஃபிளேமிங் கார்ஜ் அணையை மூடுமுன், ட்ரவுட்டுக்கு இடம் பண்ண நாட்டு மீன்களைக் கொல்ல நூற்றுக்கணக்கான மைலுக்குக் கொட்டியதும் இதே ரோட்டினோன்தான்.

குட்டையை மருந்தடிக்கலாம், ஆற்றை அடிக்க முடியாது. மீதமிருந்த வழி அணையின் இரண்டாவது வாய். 3,374 அடியில், மின்குழாய்களுக்கு 96 அடி கீழே, நான்கு வெளியேற்றுக் குழாய்கள் உண்டு. டர்பைன் இல்லாதவை, மொத்தம் விநாடிக்குச் சுமார் 15,000 கன அடி தள்ளக்கூடியவை. அங்கேயுள்ள தண்ணீர் குளிர்ந்தது. 2024 ஜூலை முதல் நவம்பர் வரை இரண்டு வாய்த் தண்ணீரையும் கலந்து, லிட்டில் கொலராடோ சேருமிடம்வரை ஆறு 15.5 டிகிரிக்குள் இருக்கும்படி விகிதத்தை மாற்றிக்கொண்டே போனார்கள். அந்த ஆண்டு பாஸ் புதிதாகக் குஞ்சு பொரித்த தடயம் ஆற்றில் கிடைக்கவில்லை. ஆனால் கீழ்க்குழாய் வழியே போகும் ஒவ்வொரு கன அடியும் மின்சாரம் தராமல் போகிற கன அடி. மின்துறைக்காரர்களின் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. திமில் மீனும் அந்தக் குளிரில் மெதுவாகத்தான் வளரும். பாஸைத் தடுக்க அதன் வளர்ச்சியில் கொஞ்சம் விலை கொடுத்தாகவேண்டும்.

இதே கிரீன் ஆற்றின் ஃபிளேமிங் கார்ஜ் அணையில் இந்தத் திண்டாட்டம் குறைவு. 1978இல் அங்கே பல மட்டங்களிலிருந்து நீரெடுக்கும் கதவுகளைப் பொருத்திவிட்டார்கள். வேண்டிய சூட்டுத் தட்டிலிருந்து எடுக்கலாம், டர்பைனும் ஓடும். அங்கே கைவந்த இன்னொரு வித்தை நேரம் பார்ப்பது. ரேசர்பேக் சக்கர் என்ற மீனின் நூல்போன்ற குஞ்சுகள் வெள்ளத்தோடு மிதந்து கரையோரத் தாழ்நிலத்துக்குள் போனால்தான் பிழைக்கும். முன்பு, அணைக்குக் கீழே கிரீனில் வந்து சேரும் யாம்பா ஆற்றின் வெள்ள உச்சத்தோடு சேர்த்து அணை நீரை விட்டார்கள். தாழ்நிலம் நிரம்பும், ஆனால் குஞ்சு அதற்குப் பிறகுதான் பொரித்து வரும். 2012 முதல் முறை மாறியது. இரவில் ஆற்றில் விளக்குப்பொறி வைக்கிறார்கள். முதல் குஞ்சு பொறியில் விழுந்த பிறகே அணையில் வெள்ளம் விடுகிறார்கள். மின்நிலையம் வழியே 4,600 கன அடி, பக்கக்குழாய் வழியே இன்னும் 4,000. ஸ்டூவர்ட் ஏரி போன்ற தாழ்நிலங்களின் மதகில் வலைத்திரை போட்டிருப்பதால் குஞ்சு நுழையும், அதைத் தின்னும் பெரிய மீன் நுழையாது. கோடை முடிவில் நீரை வடித்துப் பிழைத்தவற்றை எண்ணி ஆற்றில் விடுவார்கள்.

கிளென் கேன்யனில் அப்படிப்பட்ட கதவுகள் வைக்கும் யோசனை பலமுறை எழுந்து பலமுறை அடங்கியது. வைத்தாலும் சூடான நீரை மட்டும் எடுக்கும் கதவு என்றால் பாஸுக்குத்தான் விருந்து. குளிர்விக்கவும் முடிய வேண்டும்.

2023 ஏப்ரலில் விட்ட வெள்ளத்துக்குப் பிறகு கீழ்க்குழாய்களின் உட்புறத்தைப் பார்த்தபோது பூச்சும் உலோகமும் கொப்பளித்துக் குழிபட்டிருந்தன. ஏரி தாழ்ந்திருக்கையில் அதிவேக நீரில் குமிழிகள் உண்டாகி உடைவதால் வரும் சேதம் அது. அந்த ஆண்டு ஏரி 3,519 அடிவரை இறங்கியிருந்தது. 3,490 அடிக்குக் கீழே போனால் டர்பைனை ஓட்ட முடியாது, மின்குழாய்களை மூடவேண்டியதுதான். பிறகு ஆறு முழுவதும் அந்த நான்கு குழாய் வழியாகத்தான் போகவேண்டும். அப்போது கலப்பதற்கு இரண்டாவது வாய் இருக்காது.